கேஷ் என்ற ஆங்கிலச் சொல் நம் காசிலிருந்து போனதா?

மங்கை டீச்சர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிறேன். பாடத்தில் 'பே இன் கேஷ்' என்று ஒரு தொடர் வந்தது. பொருள் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போகும்போது ஒரு பெண் எழுந்து, "டீச்சர், கேஷ்னா நம்ம காசுதானே? வெள்ளைக்காரங்க நம்மகிட்டேர்ந்து எடுத்துக்கிட்டதுதானே?" என்று கேட்டாள். வகுப்பே அவள் பக்கம் சேர்ந்துகொண்டது. திங்கட்கிழமை பதில் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

வீட்டில் இருக்கும் அகராதி பிரெஞ்சிலிருந்து வந்தது என்கிறது. வாட்ஸப்பில் வரும் பட்டியல்களில் தமிழ் என்று இருக்கிறது. ஒலியைப் பார்த்தால் காசும் கேஷும் இவ்வளவு நெருக்கமாக இருக்கும்போது பிரெஞ்சு என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள், ஆதாரம் கேட்பார்கள். கேட்கட்டும், நல்லதுதான். அந்த ஆதாரம்தான் எனக்கு வேண்டும்.

கூடவே இன்னொன்று. 'மனி'க்கும் 'கேஷு'க்கும் என்ன வித்தியாசம் என்று எப்படிச் சொல்லிப் புரிய வைப்பது? 'தௌசண்ட் கேஷ்', 'மெனி கேஷஸ்' என்றெல்லாம் எழுதுகிறார்கள். தெரிந்தவர்கள் உதவுங்கள்.

பொன்னி மைந்தன்:

டீச்சர், அந்தப் பெண் சொன்னது சரிதான். கட்டுமரம் கேட்டமரான் ஆனது, சுருட்டு செரூட் ஆனது, மிளகுத்தண்ணீர் மல்லிகடானி ஆனது. காசு கேஷ் ஆனதும் அப்படித்தான். வணிகம் செய்ய வந்தவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் சொல்லே பணத்தின் பெயராகத்தான் இருக்கும். தயங்காமல் சொல்லுங்கள்.

கும்பகோணம் கேஷியர்:

டீச்சரம்மா, வணக்கம். வங்கியில் பணிக்காலம் முழுக்க கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். பழைய நாணயங்கள் சேர்க்கிற பழக்கமும் உண்டு. இந்தச் சொல் இரண்டு பக்கமும் எனக்குச் சொந்தம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பதில். ஆங்கிலத்தில் கேஷ் என்று எழுத்திலும் ஒலியிலும் ஒன்றாக இருக்கிற இரண்டு தனித்தனிச் சொற்கள் உண்டு. அதில் ஒன்று நம் காசுதான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் கடையில் "கேஷா, கார்டா?" என்று கேட்கிறார்களே, உங்கள் பாடத்தில் வந்ததே, அது மற்றது. அதன் வேர் பிரெஞ்சு 'கெஸ்', இத்தாலிய 'காஸ்ஸா', அதற்கும் முன்னால் லத்தீன் 'காப்ஸா'. மூன்றுக்கும் ஒரே பொருள்: பெட்டி.

பெட்டி எப்படிப் பணமாகும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். நம் மளிகைக் கடையைக் காட்டுங்கள். கல்லா என்பது பணம் போடுகிற பெட்டி. ஆனால் "இன்னைக்கு கல்லா எப்படி?" என்று கேட்டால் பெட்டி எப்படி இருக்கிறது என்று யாரும் பதில் சொல்வதில்லை. எவ்வளவு வசூல் என்றுதான் சொல்கிறார்கள். இத்தாலிய வணிகர்கள் காஸ்ஸாவை அப்படித்தான் பேசினார்கள். பெட்டியின் பெயர் பெட்டிக்குள் இருந்த பணத்துக்கு ஏறிவிட்டது.

இது வெறும் ஊகம் இல்லை. 1598இல் ஜான் ஃப்ளோரியோ லண்டனில் ஓர் இத்தாலிய–ஆங்கில அகராதி போட்டார். அதில் காஸ்ஸா என்ற சொல்லுக்கு எதிரே, வணிகரின் கேஷ், அதாவது பணம் வைத்து எண்ணுகிற இடம் என்ற பொருளில் விளக்கம் கொடுத்திருக்கிறார். ஆங்கிலத்தில் கேஷ் என்ற சொல் தலைகாட்டுகிற காலமே அந்த 1590கள்தான். அப்போது அதற்குப் பெட்டி என்ற பொருளும் இருந்தது, பெட்டியிலுள்ள பணம் என்ற பொருளும் இருந்தது. பெட்டி என்ற பொருள் பிற்பாடு உதிர்ந்துபோய் பணம் மட்டும் நின்றது. இன்றைக்கு நாம் 'கேஷ் பாக்ஸ்' என்கிறோம். வேரைப் பார்த்தால் அது பெட்டிப் பெட்டி.

லத்தீன் காப்ஸாவுக்கு வேறு பிள்ளைகளும் உண்டு. சூட்கேஸில் வருகிற கேஸ், மருந்துக் கேப்ஸ்யூல், லாரியின் சேசிஸ் எல்லாம் அந்த வீட்டைச் சேர்ந்தவை. ஆனால் போலீஸ் கேஸ், ஆஸ்பத்திரிக் கேஸ் என்கிறோமே, அந்தக் கேஸ் அதில் சேராது. அதற்கு வேர் 'விழுதல்' என்ற பொருளுள்ள வேறொரு லத்தீன் சொல். சூட்கேஸும் போலீஸ் கேஸும் ஒலியில் ஒன்று, பிறப்பில் வேறு. கேஷ் விஷயமும் இதேதான். இந்த உதாரணம் வகுப்பில் சட்டென்று எடுபடும் என்று நினைக்கிறேன்.

இனி நம் காசுக்கு வருகிறேன். எனக்குப் பிடித்த பகுதி இது.

காசு நம்மிடம் எவ்வளவு பழையது என்பதற்கு உங்கள் பள்ளித் தமிழ்ப் புத்தகமே சாட்சி. வெண்பாவின் ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாட்டில் முடியும் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்களே, அந்தக் காசுதான். இன்னும் அழகான சான்று எங்கள் பக்கத்தில் இருக்கிறது. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது அடியார்களுக்குச் சோறு போட, அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் தினம் ஒரு காசு வைத்தார் என்பது வரலாறு. அப்பரின் காசு கடைவீதியில் முழு மதிப்புக்குப் போனது. சம்பந்தரின் காசுக்கு வட்டம் பிடித்தார்கள். அந்தப் பிடித்தத்துக்கு அன்றைய பெயர் வாசி. "வாசி தீரவே காசு நல்குவீர்" என்று சம்பந்தர் பாடினார். 7ஆம் நூற்றாண்டுத் தேவாரம் இது. காசை வாங்கி, பார்த்து, மாற்றுக் குறைவு என்று கழித்துக்கொண்டு கொடுக்கிற ஒரு கடைக்காரர் அந்த வரிக்குப் பின்னால் நிற்கிறார். கவுண்டரில் உட்கார்ந்த எனக்கு அவரை நன்றாகத் தெரியும்.

ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் கோயிலுக்குக் கொடுத்ததும் கடனாக வைத்ததும் காசுக் கணக்கில்தான் இருக்கிறது. காசு என்பதே வடமொழியில் 'கர்ஷம்' என்ற எடையின் பெயரோடு தொடர்புள்ளது என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. அது எப்படி இருந்தாலும், ஐரோப்பியர் காதில் விழுந்தது நம் நாட்டுக் காசு.

எப்போது விழுந்தது? லுடோவிகோ டி வர்த்தேமா என்ற இத்தாலியர் தென்னாட்டைச் சுற்றிப் பார்த்து எழுதிய பயண நூல் 1510இல் ரோமில் வந்தது. விஜயநகரப் பக்கம் 'காஸ்' என்றொரு நாணயம் இருப்பதாகவும், 16 காஸ் சேர்ந்தால் ஒரு தாரம் என்ற வெள்ளி நாணயம் என்றும் எழுதுகிறார். கோழிக்கோட்டில் குரங்குகள் ஏராளம், ஒரு குரங்கின் விலை 4 காசு என்றும் குறித்து வைத்திருக்கிறார். குரங்கை எதற்கு வாங்கினார்களோ!

போர்ச்சுகீசியர் இந்தக் காசைத் தங்கள் நாவுக்கு ஏற்ப 'கைஷா' என்றார்கள். சிக்கல் தொடங்குகிற இடம் இதுதான். அவர்கள் மொழியில் ஏற்கெனவே கைஷா என்று ஒரு சொல் இருந்தது. அதற்குப் பொருள் பெட்டி! அதே லத்தீன் காப்ஸாவின் வழி வந்த சொல். கேள்விப்பட்ட அயல் சொல்லைத் தெரிந்த சொல்லின் உருவத்தில் எழுதிவிட்டார்கள். அதன் வழியாக ஆங்கிலேயர் கைக்கு வந்தபோது இரண்டுமே கேஷ் ஆகிவிட்டன. தமிழிலிருந்தா, கொங்கணி வழியாகவா என்று ஒரு சிறு கேள்வி உண்டு. 1886இல் யூலும் பர்னலும் வெளியிட்ட ஹாப்சன்–ஜாப்சன் அகராதி, தமிழ்க் காசு, ஒருவேளை அதன் கொங்கணி வடிவம் என்று எழுதியிருக்கிறது. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், எங்கள் ஜில்லாவை நன்றாக அறிந்தவர்.

காசு அதோடு நிற்கவில்லை. போர்ச்சுகீசியர் 1511இல் மலாக்காவைப் பிடித்தார்கள். அங்கே புழங்கிய தகர நாணயத்தையும் கைஷா என்றார்கள். சாவகத்திலும் (ஜாவா) அப்படியே. நடுவில் சதுர ஓட்டை போட்டுக் கயிற்றில் கோத்து வைக்கிற சீனச் செப்பு நாணயம் பார்த்திருப்பீர்கள், அதற்கும் அதே பெயர் போனது. சீனர்கள் அதைத் தங்கள் மொழியில் 'சியென்' என்றும் 'வென்' என்றும்தான் சொன்னார்கள். ஆனால் ஆங்கிலத்தில் இன்றைக்கும் அது 'சைனீஸ் கேஷ்'. சீனத்து நாணயம் உலகமெங்கும் நம் காசின் பெயரோடு அலைகிறது. எனக்குப் பெருமை இதில்தான் இருக்கிறது.

சென்னைக் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனி வைத்த கணக்கும் கேஷ் கணக்குத்தான். 80 கேஷ் ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்ற தங்க நாணயம். நம் 'பணம்' அவர்கள் வாயில் ஃபனம் ஆனது. வராகனுக்கு அவர்கள் வைத்த பெயர் பகோடா. 1818இல் ரூபாய்க் கணக்குக்கு மாறும்வரை இந்த ஏற்பாடு ஓடியது. அப்போது ஒரு வராகனை மூன்றரை ரூபாய் என்று வைத்தார்கள். கணக்குப் போட்டால் ரூபாய்க்கு 960 காசு வரும்.

என்னிடம் 1808ஆம் வருஷத்து 20 கேஷ் நாணயம் ஒன்று இருக்கிறது. செம்பு, ஏறக்குறைய 30 மில்லிமீட்டர் அகலம், உள்ளங்கையில் நன்றாகக் கனக்கும். ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம், இரண்டு சிங்கம் ஆளுக்கொரு கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மறுபக்கம் பாரசீக எழுத்தில் 'பிஸ்த் காஸ் சஹார் ஃபலூஸ் அஸ்த்', அதாவது இருபது காசு நாலு ஃபலூஸ் (செப்புக் காசு) என்று இருக்கும். அதற்குக் கீழே ரோமன் எண்ணில் இருபது, பக்கத்தில் ஆங்கிலத்தில் கேஷ். அச்சடித்தது இங்கிலாந்தில், பர்மிங்காம் பக்கத்து சோஹோ ஆலையில், நீராவி எந்திரத்தில். இந்த வகை நாணயங்களை ஏற்றிக்கொண்டு இந்தியாவுக்குக் கிளம்பிய 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையை அடுத்த குட்வின் மணல்திட்டில் மாட்டி மூழ்கியது. 1980களில் அதிலிருந்து லட்சக்கணக்கில் வெளியே எடுத்தார்கள். இன்று நாணய வியாபாரிகளிடம் இது சுலபமாகக் கிடைப்பதற்கு அந்தக் கப்பலும் ஒரு காரணம். அந்த நாணயத்தில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. ஆனால் பாரசீக வரியில் உள்ள காஸ், ஆங்கில வரியில் உள்ள கேஷ் இரண்டும் நம் சொல்.

எனவே அந்தப் பெண்ணிடம் தவறு என்று மட்டும் சொல்லி உட்கார வைத்துவிடாதீர்கள் அம்மா. அவள் கேட்டதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி சீனா வரைக்கும் போயிருக்கிறது.

பொன்னி மைந்தன்:

ஐயா, விளக்கத்துக்கு நன்றி. ஆனாலும் ஒரு கேள்வி விடுவதாக இல்லை. வாஸ்கோ ட காமா 1498லேயே வந்துவிட்டார். ஆங்கிலத்தில் கேஷ் தலைகாட்டுவது 1590களில் என்கிறீர்கள். நடுவில் 90 வருஷத்துக்கு மேல் இருக்கிறதே. அதற்குள் காசு லிஸ்பனுக்குப் போய், அங்கிருந்து இத்தாலி, பிரான்ஸ் என்று சுற்றி லண்டனுக்குப் போயிருக்கக் கூடாதா? பெட்டி என்ற பொருள்கூடப் பிற்பாடு ஒட்டிக்கொண்டதாக இருக்கலாமே.

கும்பகோணம் கேஷியர்:

தம்பி, கேட்க வேண்டிய கேள்வி இது. வருஷத்தை வைத்தே பதில் சொல்லிவிடலாம்.

லூக்கா பச்சோலி என்ற இத்தாலியத் துறவி 1494இல் வெனிசில் ஒரு கணித நூல் அச்சிட்டார். அதில் ஒரு பகுதி கணக்குப் பதிவியல். பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் என்று இன்றைக்கு வணிகவியல் பாடத்தில் சொல்லித்தருகிற இரட்டைப் பதிவு முறையை முதன்முதலில் அச்சில் விரிவாக விளக்கியது அதுதான். அதில் வணிகர் தொழில் தொடங்கும்போது குறிப்பேட்டில் எழுத வேண்டிய முதல் பதிவையும் காட்டியிருக்கிறார். கையிலுள்ள ரொக்கத்துக்குக் காஸ்ஸா கணக்கில் பற்று, முதல் (அதாவது மூலதனம்) கணக்கில் வரவு. இன்றைக்குப் பதினோராம் வகுப்பு மாணவன் எழுதுகிற முதல் குறிப்பேட்டுப் பதிவும் அதே: ரொக்கக் கணக்கு பற்று, முதல் கணக்கு வரவு.

1494. ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது 1498 மே மாதம். அவர் கப்பல் ஏறும் முன்பே வெனிஸ் வணிகர்களின் பேரேட்டில் காஸ்ஸா ஒரு கணக்குத் தலைப்பாக, ரொக்கம் என்ற பொருளில் உட்கார்ந்திருக்கிறது. நம் காசு அங்கே போய் அந்தப் பொருளைக் கொடுத்திருக்க வழியில்லை. பெட்டி என்ற பொருள் பிற்பாடு ஒட்டியது என்பதும் நிற்காது. லத்தீன் காப்ஸா அதற்கும் பல நூறு வருஷம் முந்தியது, புத்தகச் சுருள்களை வைக்கும் உருண்டைப் பெட்டிக்கு ரோமானியர் சொன்ன பெயர்.

இதை எழுதும்போது ஒரு கேஷியராக என் மனசில் ஓடுவதையும் சொல்லிவிடுகிறேன். பச்சோலி முறையில் காஸ்ஸாவை ஓர் ஆளைப் போலப் பாவிப்பார்கள். பணம் உள்ளே வந்தால் பெட்டி முதலாளிக்குக் கடன்பட்டதாக அர்த்தம், அதனால் பற்று. வெளியே போனால் பெட்டி கடனைத் தீர்த்தது, அதனால் வரவு. வங்கியில் புதிதாகச் சேர்கிற பிள்ளைகள் பணம் வந்தால் ஏன் டெபிட் என்று குழம்புவார்கள். அவர்களிடம் கேஷ் என்றால் ரூபாய் நோட்டு என்று நினைக்காதே, அந்தப் பெட்டியை நினை என்று சொல்வேன். சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். சாயங்காலம் "கேஷ் டேலி ஆச்சா?" என்று கேட்கிறோமே, பெட்டியில் எண்ணியதும் புத்தகத்தில் எழுதியதும் ஒத்துப்போகிறதா என்பதுதான் கேள்வி. ஆக, வங்கிக்குள் அந்தச் சொல் இன்னமும் தன் பழைய பொருளை விடவில்லை.

குமரி அம்மு:

ஐயா, நாங்கள் நாகர்கோவில். என் ஆச்சியின் செல்லப்பெட்டியில் பொடிப்பொடியாகச் செப்புக் காசுகள் கிடக்கின்றன. சங்கு போட்டிருக்கும், 'ஒன் கேஷ்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். இது நீங்கள் சொல்கிற எந்த கேஷ்?

கும்பகோணம் கேஷியர்:

அம்மா, அது நம் கேஷ். திருவிதாங்கூர் காசு. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அப்படிப் பார்த்தால் ரூபாய்க்கு 448 காசு. சங்கு அந்தச் சமஸ்தானத்தின் முத்திரை. 1949 வரை அது புழக்கத்தில் இருந்தது. கன்னியாகுமரி மாவட்டம் 1956இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, அதனால் உங்கள் ஆச்சி அதைக் கையில் கொடுத்து வாங்கியே பழகியிருப்பார். நம் காசிலிருந்து போன கேஷ் வாழ்ந்த கடைசி இடங்களில் உங்கள் ஊரும் ஒன்று. புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள், அந்தப் பச்சையும் கறுப்பும் அப்படியே இருக்கட்டும். ஆச்சி உயிரோடு இருந்தால் எந்தக் காசுக்கு என்ன வாங்கினார் என்று கேட்டு எழுதி வையுங்கள். நாணயம் எங்கேயும் கிடைக்கும். அது கிடைக்காது.

குமரி அம்மு:

ஆச்சி இருக்கிறார். கேட்டு எழுதுகிறேன். அப்படியே ஒரு சந்தேகம், முந்திரிப்பருப்பைக் கேஷ்யூ என்கிறார்களே, அதற்கும் காசுக்கும் தொடர்பு உண்டா? எங்கள் பக்கம் முந்திரி ஆலைகள் நிறைய.

கும்பகோணம் கேஷியர்:

இல்லை அம்மா. அது பிரேசில் நாட்டுப் பழங்குடிகளின் துப்பி மொழிச் சொல், 'அகாஜு'. போர்ச்சுகீசியர் மரத்தையும் பெயரையும் சேர்த்தே கொண்டுவந்தார்கள். மூன்றாவதாக ஒலி ஒற்றுமை, அவ்வளவுதான்.

மங்கை டீச்சர்:

ஐயா, இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவே இல்லை. திங்கட்கிழமை பாதிப் பீரியட் இதற்கே போகும். வெண்பா வாய்பாட்டைத் தமிழாசிரியரிடம் சொன்னேன், அவர் சம்பந்தர் பதிகத்தை முழுதாகப் பாடிக் காட்டவே வகுப்புக்கு வருகிறாராம். இரண்டாவது கேள்வியை மட்டும் நினைவுபடுத்துகிறேன்: மனி, கேஷ் வித்தியாசம். கேஷ் பன்மையில் வருமா?

கும்பகோணம் கேஷியர்:

மன்னிக்கவும் அம்மா, காசைப் பிடித்துக்கொண்டு அதை விட்டுவிட்டேன்.

தமிழிலேயே நமக்கு இந்த வித்தியாசம் உண்டு. மனி என்றால் பணம், கேஷ் என்றால் ரொக்கம். பாஸ்புக்கில் 50,000 இருக்கிறது, சட்டைப் பையில் 200 இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 50,200 ரூபாயும் மனி. அதில் 200 மட்டும் கேஷ். நிலம் விற்கிறவர் "ரொக்கமா வேணும்" என்கிறாரே, அங்கே கேஷ்தான் வரும், மனி வராது. கணக்கர்கள் மட்டும் கொஞ்சம் விரித்துப் பேசுவார்கள். 'கேஷ் இன் ஹேண்ட்' என்றால் கைரொக்கம், 'கேஷ் அட் பேங்க்' என்றால் வங்கி இருப்பு. பத்தாம் வகுப்புக்கு அது வேண்டாம், பதினோராம் வகுப்பில் வணிகவியல் எடுத்தால் வரும்.

பன்மை கிடையாது. தண்ணீர், மணல் போல எண்ண முடியாத பெயர்ச்சொல்லாகவே ஆங்கிலம் அதை நடத்துகிறது. 'சம் கேஷ்', 'எ லாட் ஆஃப் கேஷ்', 'மச் கேஷ்' சரி. 'மெனி கேஷஸ்' தவறு. 'தௌசண்ட் ருப்பீஸ் இன் கேஷ்' என்று எழுதச் சொல்லுங்கள். 'பை கேஷ்' என்று நம் ஊர் ரசீதுகளில் பார்க்கிறோம், புழக்கத்தில் இருப்பதுதான். ஆனாலும் தேர்வில் 'இன் கேஷ்' அல்லது வெறுமனே 'பே கேஷ்' என்று எழுதுவது நல்லது. செக்குக்கு மட்டும் 'பை செக்'. வினையாகவும் வரும்: 'கேஷ் எ செக்' என்றால் காசோலையைக் கொடுத்து ரொக்கமாக மாற்றுவது.

இதில் வேடிக்கையான ஒன்று. நம் காசிலிருந்து போன கேஷ் எண்ணக்கூடிய சொல். ஆனால் அதற்கும் 'கேஷஸ்' என்று பன்மை போடுவதில்லை. என் நாணயத்தில் 'ட்வென்டி கேஷ்' என்ற பொருளில்தான் அச்சாகியிருக்கிறது. உங்கள் மாணவன் எழுதிய 'தௌசண்ட் கேஷ்' 1810இல் கோட்டைக் கணக்கில் எழுதியிருந்தால் பிழையே இல்லை, ஒரு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வரும். இன்றைக்கு எழுதினால் மார்க் போய்விடும்.

புதுப் புழக்கங்களையும் தொட்டுவிடுங்கள், பிள்ளைகளுக்குத் தெரிந்தவை. 'கேஷ்லெஸ்' சிகிச்சை என்றால் இலவசம் இல்லை. நோயாளி முன்பணம் கட்டாமல் காப்பீட்டு நிறுவனம் நேராக ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கிறது என்று பொருள். இந்த ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டு கடைசி நேரத்தில் தவிக்கிற குடும்பங்களை என் கவுண்டருக்கு முன்னாலேயே பார்த்திருக்கிறேன், அதனால் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். 'கேஷ்பேக்' இங்கிலாந்துக் கடைகளில், கார்டில் பணம் கட்டும்போது கூடுதலாகக் கழித்துக்கொண்டு கல்லாவிலிருந்து நோட்டாகவே கொடுப்பதற்குச் சொன்ன சொல். நம் போன் செயலிகளில் வரும் கேஷ்பேக்கில் நோட்டு எதுவும் கைமாறுவதில்லை. தள்ளுபடி, அவ்வளவுதான்.

பொன்னி மைந்தன்:

ஐயா, வருஷக் கணக்கை ஒத்துக்கொள்கிறேன், 1494க்கு மேல் பேச்சில்லை. கடைசியாக ஒன்று. பழைய ஆங்கிலக் கதை ஒன்றில் ஒரு ராணுவ அதிகாரியை 'கேஷியர்' பண்ணினார்கள் என்று வந்தது. படைக்குக் கணக்குப் பார்க்க வைத்தார்களா?

கும்பகோணம் கேஷியர்:

இல்லை தம்பி, பதவியைப் பறித்து அவமானப்படுத்தி வெளியே அனுப்பினார்கள் என்று பொருள். அந்த வினைச்சொல் கேஷோடு சேராது. உடைத்தல், ரத்து செய்தல் என்ற பொருளுள்ள பிரெஞ்சு 'காஸே' டச்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கவுண்டரில் உட்காரும் கேஷியர் மட்டும்தான் பெட்டிக்காரர்.

டீச்சரம்மா, திங்கட்கிழமை என்ன கேட்டார்கள் என்று எழுதுங்கள். அந்த 20 கேஷ் நாணயத்தின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து இங்கே போடுகிறேன், வகுப்பில் காட்டலாம்.